இரண்டு கோடுகளில் ஒரு செய்தி: நெட்டலை வானொலிக் கைவினைஞர்களின் பட்டறையில்

பிரிட்டனின் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு, அதாவது ஊதியத்துக்காக அன்றி ஆர்வத்தின் பொருட்டு உரிமம் பெற்று வானொலி நிலையம் நடத்துவோருக்கு, 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 136 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்துவிடப்பட்டது. 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை நீளும் இவ்வலைவரிசையின் மொத்த அகலம் 2.1 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே என்பதால், ஒரே ஒரு மனிதக் குரல் ஏறினாலும் முழு இடமும் நிரம்பிவிடும். இங்கே அலையின் நீளம் ஏறத்தாழ 2,200 மீட்டர். அதற்குரிய கால் அலைநீளக் கம்பத்தை நிறுத்த 550 மீட்டர் உயரம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் பத்து மீட்டர் உயரத்துக்குக் கம்பி கட்டுவதே பெரும்பாடாக இருக்கும் கைவினைஞர்கள், இந்த ஏற்றத்தாழ்வை எவ்வாறு ஈடுசெய்கிறார்கள் என்பதை அவர்களது பட்டறைகளே விளக்குகின்றன.

பெரும்பாலும் வீட்டின் பின்தோட்டத்து மரக்கொட்டகையாக இருக்கும் அத்தகைய பட்டறையில் நுழைவோரின் கண்ணில் முதலில் படுவது, பிளாஸ்டிக் வாளியின் மீதோ அகன்ற கழிவுநீர்க் குழாயின் மீதோ பல நூறு சுற்றுகள் சுற்றப்பட்ட பெரிய கம்பிச்சுருளாகும். குட்டையான ஆன்டெனா மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், அதை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர இந்தச் சுருள் தேவைப்படுகிறது. சுருளின் உள்ளே சுழலும்படி அமைந்த சிறிய சுருள் ஒன்று, நுண்ணிய திருத்தங்களுக்கு உதவுகிறது. ஆன்டெனாவின் மின்தேக்கத் திறன் 300 பிக்கோஃபாரட் என்றும், மண்ணிலும் சுருளிலும் இழப்பை உண்டாக்கும் மின்தடை 50 ஓம் என்றும் கொண்டால், 500 வாட் ஆற்றல் செலுத்தப்படும்போது கம்பியில் மூன்று ஆம்பியருக்குச் சற்று மிகுதியான மின்னோட்டம் பாய்ந்து, அதன் முனையில் ஏறக்குறைய 12,000 வோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பின்னர் வானில் அலையாகப் புறப்படுவது ஒரு வாட்டின் சிறு பகுதியே. எஞ்சியவை மண்ணையும் கம்பியையும் சூடாக்கிவிட்டு மறைகின்றன.

ஆற்றலைக் கூட்டும் வழி இவ்வாறு விரைவில் அடைபட்டுவிடுவதால், கைவினைஞர்கள் காலத்தைத் துணைக்கு அழைத்தனர். மோர்ஸ் முறையில் சாவியை அழுத்தும்போது அலை எழும், விடும்போது நிற்கும். குறுகிய ஒலி புள்ளி எனவும், அதன் மும்மடங்கு நீண்ட ஒலி கோடு எனவும் கொள்ளப்படும். ஒரு புள்ளியை மூன்று நொடிக்கோ முப்பது நொடிக்கோ நீட்டினால், வாங்கும் முனையில் வடிகட்டியின் அகலத்தை ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே ஒடுக்க முடிகிறது. ஒடுக்கத்துக்கு ஏற்ப உள்ளே நுழையும் இரைச்சலும் குறைகிறது. இவ்வளவு மெதுவான குறியைக் காது பின்தொடர இயலாது என்பதால், கணினித் திரையில் அதிர்வெண் ஓர் அச்சாகவும் காலம் மற்றோர் அச்சாகவும் ஊர்ந்து செல்லும் அருவிக் காட்சியில் அதைக் கண்ணால் படிக்கிறார்கள். செவிக்கு எட்டாத அலை இவ்வாறு விழிக்கு எட்டுகிறது.

ஆயினும் மெதுவான மோர்ஸ் காலத்தை மிகுதியாக உண்கிறது. எடுத்துக்காட்டாக, கியூ என்ற எழுத்து கோடு, கோடு, புள்ளி, கோடு என அமைவதால், இடைவெளிகளையும் சேர்த்துப் பதின்மூன்று புள்ளி அளவு நேரம் கேட்கிறது. புள்ளிக்கு முப்பது நொடி என்றால் அந்த ஒரே எழுத்துக்கு ஆறரை நிமிடம் ஆகும். அதிர்வெண் பெயர்ச்சிச் சாவியிடல் என்னும் முறை புகுவது இவ்விடத்தில்தான். அலையை நிறுத்தாமல் தொடர்ந்து அனுப்பி, அதன் அதிர்வெண்ணை மட்டும் சிறிதளவு ஏற்றியும் இறக்கியும் செய்தியைக் குறிப்பது இதன் அடிப்படை. புள்ளிக்கு ஓர் அதிர்வெண், கோட்டுக்கு மற்றொன்று என வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே நீளத்தில் அமையலாம். அதே எழுத்து நான்கு குறிகளில், ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. திரையில் அது மேலும் கீழுமாக இணையாக ஓடும் இரண்டு கோடுகளில் சிதறிய சிறு துண்டுகளாகத் தெரிகிறது.

ஏற்கெனவே இயங்கும் அலைபரப்பியில் இந்த வசதியைச் சேர்ப்பதற்கு வேண்டிய உறுப்புகள் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். 4.4 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை முப்பத்திரண்டால் வகுத்து 137.5 கிலோஹெர்ட்ஸைப் பெறும் அமைப்பை எடுத்துக்கொண்டால், படிகத்துடன் ஒரு வேரக்டர் டையோடை இணைப்பதே முதன்மையான வேலை. எதிர்த்திசையில் தரப்படும் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன் மின்தேக்கத் திறனை மாற்றிக்கொள்ளும் இந்த டையோடு, படிகத்தின் அதிர்வைச் சிறிது இழுத்துவிடுகிறது. வெளியீட்டில் 2 ஹெர்ட்ஸ் பெயர்ச்சி வேண்டுமென்றால் படிகத்தில் 64 ஹெர்ட்ஸ் இழுத்தால் போதும். அது படிகத்துக்கு எளிய செயல். சாவியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஒரு மின்தடையும் மின்தேக்கியும் மென்மைப்படுத்துவதால் அதிர்வெண் குதிக்காமல் வழுக்கிச் செல்கிறது. தனித்தனி அலையியற்றிகள் இரண்டை மாற்றி மாற்றி இணைத்தால் அலையின் கட்டம் ஒவ்வொரு முறையும் அறுபட்டு, அண்டை நிலையங்களின் மீது இரைச்சல் சிந்தும். ஒரே அலையியற்றியை நிறுத்தாமல் இழுக்கும் இம்முறையில் அந்தத் தொல்லை எழுவதில்லை.

அலையின் வீச்சு எப்போதும் மாறாதிருப்பதால், திறந்து மூடும் சுவிட்சுகளைப் போல இயங்கும் மாஸ்ஃபெட்களைக் கொண்ட சிக்கனமான பெருக்கிகளை அப்படியே பயன்படுத்தலாம். மேலே கண்ட ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அகலம் 1,700 ஹெர்ட்ஸ் அளவில் இருக்க, பெயர்ச்சியோ ஓரிரு ஹெர்ட்ஸ் என்பதால், சுருளைத் தொட வேண்டியதும் இல்லை. ஆனால் இந்த நன்மைகளுக்கு ஒரு விலை உண்டு. சாதாரண மோர்ஸில் புள்ளிகளுக்கு இடையே பெருக்கி ஓய்வெடுக்கும். இங்கே அந்த ஓய்வு இல்லாததால், மாஸ்ஃபெட்கள் பொருந்திய அலுமினியத் தகட்டை அகலப்படுத்துவதும் விசிறி வைப்பதும் கட்டாயமாகின்றன. பனி படிந்த சுருளும் காற்றில் அசையும் கம்பியும் ஒத்ததிர்வை நகர்த்திவிடுவதால், இரவு நெடுகிலும் ஆன்டெனா மின்னோட்டமானியைக் கவனித்துச் சிறிய சுருளைத் திருப்பிச் சரிசெய்யும் விழிப்பும் இத்தொழிலின் பகுதியாகிறது.

எல்லாவற்றினும் கடுமையானது நிலைத்தன்மையைக் காக்கும் வேலை. வெப்ப மாற்றத்தால் படிகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு விலகினால், வெளியீடு 1.4 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். பெயர்ச்சியே ஓரிரு ஹெர்ட்ஸ் என்னும்போது, அந்த நகர்வு புள்ளியைக் கோடாகத் தோன்றச் செய்யப் போதுமானது. ஆகவே படிகத்தைத் தெர்மோகோல் பெட்டியில் பொதிந்தும், மாறா வெப்பநிலையில் வைக்கும் சிற்றுலையில் அடைத்தும், ஜிபிஎஸ் கடிகாரத்தோடு ஒப்பிட்டும் பாதுகாக்கிறார்கள். கம்பிரியாவின் ஆன்தோர்னிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸில் வரும் நேரக் குறியலையும் அவர்களுக்கு ஓர் அளவுகோலாகிறது.

இம்முறையின் முதிர்ந்த வடிவம், இயற்பியலுக்கான 1993ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்க வானியலாளர் ஜோசப் டெய்லர் 2008இல் வெளியிட்ட விஸ்பர் என்னும் குறியீட்டு முறையாகும். இதில் 1.46 ஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட நான்கு அதிர்வெண்கள், 162 குறிகளாக 110.6 நொடிகளில் நிலையத்தின் அழைப்புப் பெயரையும் இருப்பிடத்தையும் ஆற்றல் அளவையும் சுமந்து செல்கின்றன. நான்கு படிகளை வேரக்டரால் துல்லியமாக அமைப்பது கடினம் என்பதால், ஏடி9850 போன்ற எண்முறை அலையியற்றிச் சில்லுகளை நாடுகிறார்கள். 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் இயங்கும் அச்சில்லு 0.03 ஹெர்ட்ஸுக்கும் குறைவான படிகளில் நகரக்கூடியது.

2001ஆம் ஆண்டில் பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் இடையே இந்த அலைவரிசையில் இருவழித் தொடர்பு கைகூடியபோது, அட்லாண்டிக்கைக் கடந்தவை இத்தகைய பொறுமையான குறிகளே. ஒரு டையோடும் சில மின்தடைகளும் சேர்ந்து ஓர் அலைபரப்பியின் ஆற்றலைச் சிறிதும் கூட்டுவதில்லை. ஆனால் அதே ஆற்றல் அதே இரவில் சொல்லக்கூடிய செய்தியைப் பன்மடங்காக்குகின்றன. மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் ஒரு படிகத்தையும் ஒரு வேரக்டரையும் மேசைமேல் வைத்து, வெப்பம் ஏற ஏற அதிர்வெண் எவ்வாறு நழுவுகிறது என்பதை ஒரு மாலைப்பொழுது அளந்து பார்க்க வேண்டும். நிலைத்தன்மை என்ற சொல்லின் முழுப் பொருளும் அப்போதுதான் விளங்கும்.