அளவறிந்த நஞ்சு

ஞாயிறு காலை. மதுரையில் ஒரு மருத்துவமனையின் கருத்தரங்கக் கூடம். வாசல் மேசையில் மருத்துவர்களின் பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதிகள் சொல்கின்றன. ‘சி.எம்.இ.’ என்றுதான் எல்லாருக்கும் வாயில் வருகிறது. இன்றைய பாடம், போட்டுலினம் நச்சின் மருத்துவப் பயன்கள். கடைசி வரிசையில் மருத்துவர் அல்லாத நாலைந்து பேர்: நோயாளிகள், துணைக்கு வந்தவர்கள். எனக்கு இடம் அங்கேதான்.

முதல் அரைமணி வரலாறு. கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு கிருமி சுரக்கும் நஞ்சு இது. 1895-இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றித்தொடை இறைச்சி தின்று முடங்கினார்கள், மூவர் இறந்தார்கள். வான் எர்மெங்கெம் என்ற அறிஞர் கிருமியைக் கண்டறிந்தது அப்போதுதான். அந்த நஞ்சையே சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய எடுத்தார். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்க அரசு 1989-இல் அனுமதி தந்தது. புருவங்களுக்கு இடையிலான சுருக்கத்துக்கு அனுமதி 2002-இல்தான். இந்த இரண்டு ஆண்டுகளையும் வகுப்பெடுத்த பேராசிரியர் பலகையில் எழுதி வட்டமிட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது. நடிகைகளின் முக அழகு விஷயம் என்று ஊரே நினைக்கும் மருந்து, கண் திறக்க முடியாதவர்களுக்காக வந்தது.

பிறகு ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு வயல், அதாவது மருந்துக் குப்பி, வந்தது. உள்ளே எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. அடியில் மங்கலாக ஒரு படலம், அவ்வளவுதான். “நூறு யூனிட்” என்றார் பேராசிரியர். சலைன் நிரம்பிய சிரிஞ்சின் ஊசியை மூடியில் இறக்கினார். அழுத்தவில்லை, உள்ளிருந்த வெற்றிடமே நீரை இழுத்துக்கொண்டது. “இழுக்கலேன்னா அந்த வயலைப் போட்டுடுங்க. யோசிக்காதீங்க.” குலுக்காமல் விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினார். 2 மில்லி கலந்தால் 0.1 மில்லியில் 5 யூனிட். பின்வரிசையில் ஒரு மாணவி, வேறு கம்பெனி மருந்துக்கும் இதே கணக்கா என்று கேட்டாள். அவர் சட்டென்று நிமிர்ந்தார். “இல்லம்மா. ஒரு கம்பெனி யூனிட் இன்னொரு கம்பெனி யூனிட் ஆகாது. இதை மட்டும் மறக்காதீங்க.” கூடம் முழுக்கப் பேனாக்கள் ஓடின.

நோயாளி அழைக்கப்பட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தையல் வேலை செய்பவர். தலை இடத்தோள் பக்கமாகத் திரும்பி நின்றது. அதை இழுத்து இழுத்து நேராக்கப் பார்க்கிறார், நிற்கவில்லை. “எல்லாரும் சுத்தி நின்னு பார்க்கலாமாம்மா?” என்று முதலில் கேட்டார் பேராசிரியர். அந்த அம்மா தலையசைக்க முயன்றார். முடியாமல், “பாருங்க சார்” என்றார். ஒரு இளைஞர் செல்போனை உயர்த்தியதும் பேராசிரியர் கையாலேயே அதை இறக்கிவிட்டார்.

“தாடையைத் தொடுங்கம்மா.” ஒற்றை விரலால் தொட்டார். தலை நேரானது. விரலை எடுத்ததும் மறுபடி திரும்பியது. கழுத்துத் திருகலில் இந்தத் தொடுகை அடிக்கடி காணும் அடையாளமாம். “சாமி பார்த்தாங்க, மந்திரிச்சாங்க. ஒரு டாக்டர் மனசுதான் காரணம்னு சொன்னாரு” என்றார் அந்த அம்மா, யாரையும் குறைசொல்லும் குரலில் இல்லாமல். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இப்படிப்பட்ட வகுப்புகள் ஊருக்கு ஊர் நடக்க வேண்டும் என்று தோன்றியது.

இடப்பக்கம் திரும்பும் கழுத்தில் முன்பக்கம் இழுப்பது வலப்புறத் தசை. பின்பக்கம் இழுப்பது இடப்புறத் தசை. அதைச் சொல்லிவிட்டு, தசையின் மின்துடிப்பை ஒலியாக்கும் ஈ.எம்.ஜி. கருவியோடு இணைத்த ஊசியை ஏற்றினார். தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல் ஒலிபெருக்கி படபடத்தது. ஓய்வில்லாமல் உழைக்கும் தசை அது. அங்கே கொஞ்சம் மருந்து. தள்ளி இன்னும் கொஞ்சம். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிவருவதை அது தடுக்கும், தசை தளரும். முன்கழுத்தில் அளவு கூடினால் விழுங்குவது சிரமமாகும் என்பதால் அங்கே அவர் கை மிகவும் நிதானமாக இருந்தது.

“மூணு நாலு நாள்ல தெரிய ஆரம்பிக்கும்மா. ரெண்டு வாரத்துல நல்லாத் தெரியும். சாப்பாடு விழுங்கக் கஷ்டமா இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வந்துடணும்.”

“எத்தனை நாள் நிக்கும் சார்?”

“மூணு மாசம்.”

“அப்புறம்?”

“திரும்பப் போடணும்.”

அவர் பக்கத்திலிருந்த மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். மருந்தின் விலை அவர்களுக்குத் தெரியும். சிறிது மௌனத்துக்குப் பிறகு, ஒரே வயலை அதே நாளில் இரண்டு மூன்று பேருக்குப் பங்கிட முடியுமா என்று ஒரு இளம் மருத்துவர் கேட்டார். கலந்த மருந்து 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு வயல் ஒரு நோயாளிக்கே என்பதுதான் தயாரிப்பாளர் விதி என்றார் பேராசிரியர். செலவைக் குறைக்க வழி தேட வேண்டும். ஆனால் கிருமித்தொற்றை விலையாகக் கொடுத்து அல்ல. இதைப் பேராசிரியர் சொல்லவில்லை. என் முடிவு அது.

உங்கள் வீட்டில் யாருக்காவது கழுத்து தானாகத் திரும்பினால், இமைகள் மூடி மூடித் திறக்க மறுத்தால், எழுத உட்கார்ந்தால் மட்டும் விரல் முறுக்கிக்கொண்டால், அதை மனக்கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள்.