மருமகளுக்கு ஒரு நீதி, மருமகனுக்கு ஒரு நீதியா?

பெண்ணுக்கும் ஆணுக்கும் நீதி ஒன்றே என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அயல்நாட்டுத் துணையை அழைத்து வந்து உடன் வாழும் காரியத்தில் அந்நீதி எத்தகையது என்று அறிய விரும்பும் தோழர்கள் நம் குடும்பத்தைப் பார்த்தாற் போதும்.

நாம் போர்ட்டிக்சன் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கிறோம். இங்கிலீஷில் படித்தமையால் சட்டப் புத்தகத்தை நாமே வாசிப்போம். லயத்து ஜனங்களின் மனுக்களும் நம் மேசைக்கே வரும். நம் இல்லாள் தஞ்சைச் சீமையில் பிறந்தவள். தங்கையின் கணவரோ நாமக்கல் பக்கத்தவர். இரு விவாகங்களும் தமிழ்நாட்டில் நடந்து, இங்கே முறைப்படி பதிவானவை. இருவரும் தங்கியிருப்பது நீண்டகால வருகைப் பாஸில். இதுவரை பேதமில்லை.

அரசியலமைப்பின் 15-ஆம் விதிப்படி, பிரஜையான ஆணின் மனைவி, மனுவுக்கு முந்திய 2 ஆண்டும் இங்கு வசித்து, நிரந்தரமாக வாழக் கருதி, நன்னடத்தையும் உடையவளாயின், பிரஜையாகப் பதிவு கோரலாம். நடைமுறையில் காத்திருப்பு அதனினும் நெடிது. அது வேறு கதை. ஆயினும் வழியென்று ஒன்று உண்டு. பிரஜையான பெண்ணின் கணவனுக்கோ அவ்விதியில் ஓரெழுத்தும் இல்லை. அவன் 19-ஆம் விதியின் வாசலில், இந்நாட்டில் உறவே இல்லாத அந்நியனோடு ஒரே வரிசையில் நின்று, 12 ஆண்டில் 10 ஆண்டு வசித்த கணக்கும் மலாய்மொழி அறிவும் காட்ட வேண்டும். 2001-இல் 8-ஆம் விதியைத் திருத்தி, ஆண் பெண் வேற்றுமை பாராட்டலாகாது என்று எழுதினார்கள். ஆனால் அரசியலமைப்பே வெளிப்படையாக அநுமதிக்கும் வேற்றுமைக்கு அது பொருந்தாதாம்! 2024 அக்டோபரில், மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெறும் பிள்ளைகளுக்குப் பிரஜா உரிமை தரும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றிற்று. மகிழ்ந்தோம். கணவன்மார் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்.

இது நெகிரி செம்பிலானில் நடப்பதுதான் விந்தை. இங்குள்ள மலாய்ச் சகோதரர்களின் பெர்பாத்தே வழமையில் குலம் தாய்வழி. பூர்வீக நிலம் மகள்களுக்கு. மணந்தவன் மனைவியின் வீட்டிற்குக் குடிபோவான். 'ஓராங் செமெண்டா' என்று அவனுக்குப் பெயரும் உண்டு, இடமும் உண்டு. அவ்வழமை வாழும் மண்ணில் நம் மைத்துனர் வருகையாளர்!

சர்க்காரை மட்டும் குறை கூறுவானேன்? "பெண்தானே புருஷன் ஊருக்குப் போக வேண்டும், இதென்ன வீட்டோடு மாப்பிள்ளை?" என்று நம் பெரியவர்களே கேட்டார்கள். சட்டம் எழுதியவர்களும் நம் பாட்டன்மாரும் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள் போலும்.

மைத்துனர் கைதேர்ந்த பிட்டர். பாஸில் வேலை செய்யலாகாது என்ற வாசகத்தைக் கண்டதும், ஒரு பட்டறைக்காரர் மேற்கொண்டு பேசாமல் திருப்பி அனுப்பிவிட்டார். தனி அநுமதி பெற்றால் வேலை செய்யலாம் என்று விளக்க எத்தனை முதலாளிகளிடம் நடப்பது? பாஸைப் புதுப்பிக்கும் போதெல்லாம் தங்கை கூலியை இழந்து உடன் செல்ல வேண்டும். ஒருநாள் இரவு அவர் கேட்டார்: "மச்சான், உங்க தங்கச்சிக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் எந்த ஊரு? பிள்ளை எந்த ஊரு?" பிள்ளை இந்நாட்டுப் பிரஜை. தகப்பனைப் பற்றி நம்மால் விடை கூற இயலவில்லை.

நம் இல்லாளின் மனு போய் 3 ஆண்டாயிற்று. நல்ல பதில் வந்தால் லயம் முழுதும் மிட்டாய் வழங்க வேண்டும் என்கிறார் அன்னை. மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து வழங்கச் சொல்லியிருக்கிறோம்.