கைப்பிடி அரிசி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு சர்ச்சின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். ஆராதனை நடந்துகொண்டிருக்கும். பாவ அறிக்கையை முந்நூறு பேர் ஒரே குரலில், புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். அவ்வளவு மனப்பாடம். வாய் பாவத்தை அறிக்கையிடும். மனசு மட்டன் கடை க்யூவில் நிற்கும். 'பதினோரு மணிக்குள்ள போகலைன்னா நல்ல கறி கிடைக்காதே!'

கிறிஸ்தவர்களை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், கடவுள் முன்னால் கண்ணை மூடியதும் வாசலில் விட்ட செருப்பு ஞாபகத்துக்கு வருகிறதா இல்லையா?

ஆனால், நான் பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. குடும்பத்தில். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே பேசுகிறேன்.

மனதார வழிபடுவது என்றால் என்ன? நிறையப் பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். 'கண்ணுல தண்ணி வரணும் சார்', 'உடம்பு சிலிர்க்கணும்', 'பாட்டுல அப்படியே கரைஞ்சு போகணும்'... இப்படித்தான் பதில் வரும். கீபோர்டும் டிரம்ஸும் வந்த பிறகு, சிலிர்ப்பை வரவழைப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. தப்பென்று சொல்லவில்லை. அந்தச் சிலிர்ப்பில் ஆறுதல் அடைந்தவர்கள் ஏராளம்.

ஆனால், பைபிளில் ஆமோஸ் என்று ஒருவர் வருகிறார். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்காரர். அவர் வாயால் கடவுள் சொல்லும் சேதி நமக்குத் தூக்கிவாரிப் போடும். உங்கள் பாட்டுச் சத்தம் எனக்கு வேண்டாம், முதலில் நியாயத்தைச் செய்யுங்கள் என்கிற மாதிரியான சேதி. ஏழையை அமுக்கிவிட்டு வந்து அழகாகப் பாடுகிறவர்களைப் பார்த்துச் சொன்னது. அவர்களுக்கும் பாடும்போது சிலிர்த்திருக்கும்தானே?

அப்படியென்றால் சிலிர்ப்பு அளவுகோல் இல்லை. வேறு எது?

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவே, செம்மண் தேரியை ஒட்டிய ஒரு கிராமம். அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, களைந்து போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். அது ஆண்டவருக்கு. சேர்ந்ததும் கோயிலுக்குப் போகும்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? ஒரு பிடி சுமார் ஐம்பது கிராம். நாளைக்கு ஒரு உலை. மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ. 'இதுல என்ன ஆகப் போகுது?' என்று தோன்றும். மிசோரமில் போய்க் கேட்டால் தெரியும். அங்கே 1910-ல் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் இதேபோல் பிடியரிசி எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது வருடத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகச் சேர்கிறது.

ஆனால், பெரியம்மாவின் பானை எனக்கு முக்கியமானது தொகைக்காக அல்ல.

1986-ல் அவரது மூத்த மகன், எங்கள் அண்ணன், பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மஞ்சள் காமாலையில் இறந்து போனான். இருபத்து நான்கு வயது. பெட்டியில்தான் ஊருக்கு வந்தான்.

அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே பெரியம்மா கோயிலுக்கு வந்துவிட்டார். பெண்கள் பக்கம், வழக்கமான அதே இடம். ஆனால், வாயைத் திறக்கவில்லை. பாட்டு இல்லை, அறிக்கை இல்லை, ஆமென்கூட இல்லை. ஒரு வாரம், ரெண்டு வாரம் என்றால் துக்கம் என்று விடுவார்கள். மாசக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தால்? 'விசுவாசம் போயிட்டு போல' என்று ஊர் முணுமுணுத்தது.

ஐயர் வீட்டுக்கு வந்தார். பாதிரியாரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். லீவுக்குப் போயிருந்த நானும் திண்ணையில் இருந்தேன்.

'ஏம்மா, பாடுறதே இல்லையே?' என்று மெதுவாகக் கேட்டார்.

'ஐயரே, எல்லாப் பாட்டுலயும் நன்றி நன்றின்னு வருது. இப்ப நான் அதைச் சொன்னா பொய்யால்ல இருக்கும்? அவரு முன்னால போய் எப்படிப் பொய் சொல்ல? அதான் பாடல. வராமலும் இருக்க முடியல. வாரேன், இருக்கேன், போறேன்.'

ஐயர் புத்தி சொல்லவில்லை. பைபிளைத் திறந்து 88-ஆம் சங்கீதத்தை முழுசாக வாசித்தார். மூடினார். மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் சங்கீதத்தைப் படித்திருக்கிறீர்களா? மொத்தம் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஆனால், மற்ற புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது நம்பிக்கையாக ஒரு வரி வந்துவிடும். 88-ல் அது கிடையாது. இருட்டிலேயே முடிந்து போகிறது. கடவுளிடம் 'ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்?' என்று சண்டை போடுகிற பாட்டை, கடவுளை வழிபடுகிற புத்தகத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பொய்யாகச் சொல்லும் ஸ்தோத்திரத்தைவிட, உண்மையாகப் போடும் சண்டை வழிபாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம். அந்த மாசங்களில் பெரியம்மா கைப்பிடி அரிசி எடுத்து வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அதை ஒருநாள் கேட்டேவிட்டேன்.

'பெரியம்மா, ஆண்டவர்மேல கோவம்னு சொல்றீங்க. அப்புறம் அரிசி மட்டும் எதுக்கு?'

'உங்க பெரியப்பாகூட எத்தனை சண்டை போட்டிருக்கேன். ஒரு நாளாவது சோறு போடாம இருந்திருக்கேனால?'

அவ்வளவுதான். இதற்குமேல் விளக்கம் கேட்டால் அடி விழும்.

பின்னாளில் பிரான்ஸ் நாட்டுச் சகோதரர் லாரன்ஸ் பற்றிப் படித்தபோது, எனக்குப் பெரியம்மாவின் அடுப்படிதான் ஞாபகம் வந்தது. நிக்கோலா ஹெர்மன் என்பது அவரது இயற்பெயர். போர்வீரராக இருந்து காயம்பட்டுக் கால் ஊனமானவர். பாரீஸில் கார்மலைட் மடத்தில் சேர்ந்தார். கொடுத்த வேலை என்ன தெரியுமா? சமையல். அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. அதைச் சுமார் பதினைந்து வருடம் செய்தார். பாத்திரச் சத்தத்துக்கும் கூச்சலுக்கும் நடுவே இருப்பதும், பீடத்தின் முன்னால் முழங்காலில் நிற்பதும் தனக்கு ஒன்றாகிவிட்டது என்கிற நிலைக்கு வந்தார். 1691-ல் அவர் இறந்த பிறகு, பேச்சுகளும் கடிதங்களும் தொகுக்கப்பட்டன. இன்றைக்கும் உலகமெங்கும் படிக்கிறார்கள்.

பலரும் கவனிக்காமல் விடுகிற ஒரு தகவல் அதில் உண்டு. மடத்தில் சேர்ந்து முதல் பத்து வருடம் அவருக்கு மனசுக்குள் நிம்மதியே இல்லை. அவரே சொல்லியிருக்கிறார். சிலிர்ப்பும் இல்லை, ஆனந்தமும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

கணக்குப் படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. நம்மில் பலர் அந்தப் பேரேட்டைக் கோயிலுக்குள்ளும் கொண்டுபோய்விடுகிறோம். இவ்வளவு ஜெபம் பண்ணினேன், பையனுக்கு சீட் எங்கே? இவ்வளவு காணிக்கை போட்டேன், வியாபாரம் ஏன் படுத்தது? கேட்பது தப்பில்லை. பிள்ளை அப்பாவிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? ஆனால், வரவு வராத மாசத்திலும் தொடர்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால், உங்களுக்கு வழிபாட்டில் மனசு ஒட்டவில்லை என்றால், குரலை உயர்த்திப் பார்க்காதீர்கள். இப்படிச் செய்து பாருங்கள். நம்ப முடியாத வரியை வாயால் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி ஒரே வரியில் சொல்லுங்கள். 'இன்னைக்கு எனக்கு எதுவுமே தோணலை ஆண்டவரே' என்பதும் ஜெபம்தான். தினமும் செய்கிற ஏதோ ஒரு வேலையில், யாருக்கும் தெரியாமல், ஒரு பிடி அவருக்கென்று எடுத்து வையுங்கள். அது அரிசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எரிச்சலோடு பேச வேண்டிய ஒரு ஆளிடம் பொறுமையாகப் பேசுகிற ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். ஆமோஸ் கேட்டது அந்த மாதிரிக் காணிக்கையைத்தான். முக்கியமாக, பாட வராத வாரத்திலும் போய் உட்காருங்கள்.

எட்டு மாசம் கழித்து, அறுப்பின் பண்டிகை அன்று, பெரியம்மா பாடினார். மெல்லிய குரல். சுருதி சேரவில்லை. ரெண்டாவது சரணத்தில்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்க்காமல் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தாள்.