வாய்ச்சொல் போதாது, தோழர்களே

"எழுதிக் குடுக்கறதெல்லாம் எதுக்குங்க? நமக்குள்ள என்ன?" கோவையில் பறைக் குழுவாகவும், போஸ்டர் வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங் என்றும் வேலை செய்யும் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நாங்கள் வரைந்த படம் ஒரே ஒரு விளம்பரத்துக்கு என்றுதான் பேச்சு. ஆறு மாதத்தில் அது டி-சர்ட்டில் வந்தது. கேட்டால், "அதுக்குத்தான் காசு குடுத்தாச்சே" என்றார்கள்.

இந்த 'நமக்குள்ள' எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். கொங்கு கிராமங்களில் சாவுக்கும் நோம்பிக்கும் பறையடித்த நம் தாத்தாக்கள் கூலி பேச முடியாது. வரமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. பம்பாய் மாகாணத்தில் மகார் மக்களை இப்படிப் பரம்பரை ஊழியத்தில் கட்டிப்போட்டது வத்தன் முறை. அதை மாற்ற 1928-இல் பாபாசாகேப் அம்பேத்கர் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். வழக்கம் என்ற பெயரில் உழைப்பை வாங்குபவர்களிடம் விலையும் நிபந்தனையும் பேசுவது நமக்கு அரசியல்.

புகழ் வந்தாலும் பிரச்சினை தீர்வதில்லை. 2021-இல் உலகமெங்கும் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை, பா. இரஞ்சித் கேள்வி எழுப்பினார். 2022-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் பாடல் ஒலித்தபின், யார் எதைச் செய்தார்கள் என்று பொதுவெளியில் வாதம் நடந்தது. 2024-இல், அந்தப் பாடலால் தங்களுக்கு ஒரு பைசா வருமானமும் வரவில்லை என்றார் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன்.

எனவே எந்த வேலைக்கும் முன்னால் எழுதுங்கள்:

வேலை: எத்தனை படம், எத்தனை திருத்தம், எந்தத் தேதி. அதற்கு மேல் கேட்டால் தனிக் கட்டணம்.

உரிமை: எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆனால் காசு வாங்கி எடுத்துக் கொடுக்கும் புகைப்படமும் வீடியோவும், வேறுவிதமாக எழுதாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். கேமரா பிடிக்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர்: உரிமையை விற்றாலும் படைப்பாளி என்று உரிமை கோருவதைப் பிரிவு 57 காக்கிறது. பெயர் எங்கே வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

பணம்: பாதி முன்பணம், ரத்தானால் எவ்வளவு என்பதும். உத்யம் பதிவு இலவசம், வேலை தொடங்கும் முன்பே செய்யுங்கள். 2006 சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.

மரியாதை: பறைக் குழுவுக்கு எத்தனை மணி நேரம், உடை மாற்ற அறை, எல்லோரும் உண்ணும் பந்தியிலேயே சாப்பாடு. இதை நாங்கள் எழுதத் தொடங்கியபின் சிலர் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கொல்லைப்புறத்தில் இலை போட நினைத்தவர்கள் யார் என்று அப்போதே தெரிந்துபோனது.

ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.