சைக்கிள் டியூபும் கடலடி டார்ச்சும்

எங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடிக் கொடியில் லுங்கி, பனியன்களுக்கு நடுவே ஒரு ஸ்கூபா ஹார்னஸும் காயும். அறைத்தோழனுடையது. சம்பளத்தில் பாதியைப் பாண்டிச்சேரிக் கடலில் கரைக்கிற ஆசாமி. அடுத்து அந்தமானில் இரவு டைவ் போகிறான். அதற்கு மாற்று டார்ச்சுகளைக் கட்டும் வேலையில் நானும் கூடமாட உட்கார்ந்தேன். நீச்சல் தெரியாதவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், முடிச்சு போட நீச்சல் வேண்டாம் :-)

ராத்திரி கடலுக்கடியில் கையிலிருக்கும் விளக்கு அணைந்தால், அடுத்ததைக் கும்மிருட்டில், படபடக்கும் நெஞ்சோடு தேட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் நிறைந்த குகைகளுக்குள் போகிறவர்கள் இதை உயிர் கொடுத்துக் கற்றார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கர் குகைச் சாவுகளைப் பிரித்து ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு நூல் போட்டார். (அவரே 1994இல் மெக்சிகோவில் ஓர் ஆழ்பள்ளத்தில் இறந்துபோனார்.) ஆளுக்கு மூன்று விளக்கு என்பது அவர்கள் உலகின் சட்டம். ஒன்று கையில், இரண்டு மாற்று. மாற்று இரண்டும் எங்கே? நெஞ்சில், தோள் பட்டைகளில், பக்கத்துக்கு ஒன்று. இந்த அடுக்குமுறைக்கு ஹோகார்த்தியன் என்று பெயர். ஃப்ளோரிடாவின் குகை டைவர் வில்லியம் ஹோகார்த் மெயினின் நடுப்பெயர் அது. தேவையில்லாதது வேண்டாம், தேவையானது உடம்போடு ஒட்டி இருக்கட்டும், அவ்வளவுதான் சித்தாந்தம்.

கட்டுவது இப்படி. நாய்ச் சங்கிலி முனையில் ஒரு கொக்கி இருக்குமே, கட்டைவிரலால் இழுத்தால் வாய் திறப்பது, அதன் துருப்பிடிக்காத எஃகு வடிவம்தான் போல்ட் ஸ்னாப். டார்ச்சின் வால் பக்கத்து ஓட்டையில் நைலான் கயிறு கோத்து, நாலைந்து சுற்று சுற்றி, இந்தக் கொக்கியை இறுக்கமாக முடிய வேண்டும். கயிற்று நுனியை லைட்டரால் உருக்கிவிட்டால் பிரியாது. கொக்கி நெஞ்சு மட்டத்து டி வளையத்தில் மாட்டிக்கொள்ளும், டார்ச் தலைகீழாகத் தொங்கும். தொங்குவது ஆடக்கூடாதே? அதற்குத்தான் சைக்கிள் டியூப். ஒரு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டிப் பட்டையில் ஏற்றிவிட்டு, டார்ச்சின் உடம்பை அதற்குள் செருகிவிட வேண்டும். தெருமுனை பஞ்சர் கடைக்காரர் கிழிந்த டியூபைச் சும்மாவே கொடுத்தார். லாரி டியூப் தரட்டுமா என்றும் கேட்டார். அது பட்டையில் தொளதொளவென்று நிற்கும்.

ஏன் கயிறு, நேராக இரும்போடு இரும்பை மாட்டினால் என்ன? இதைத்தான் நானும் கேட்டேன். கொக்கி சிக்கித் திறக்காமல் போனால் கயிற்றைக் கத்தியால் அறுக்கலாம், எஃகை அறுக்க முடியாது. மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் உள்நோக்கித் திறக்கும் வளையக் கொக்கி இன்னும் மோசம். உரசிப் போகிற எந்தக் கயிறும் தானாக உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். டைவர்கள் அதைத் தற்கொலைக் கொக்கி என்கிறார்கள். நம் கரையோரத்தில் அறுந்துபோன நரம்பு வலைகள் கடலடியில் கிடப்பதை நினைத்தால் அந்தப் பெயர் மிகையாகத் தெரியவில்லை.

சிலர் ஆயுதபூஜை லாரி மாதிரி போவார்கள். ஒரு பக்கம் கேஜ், ஒரு பக்கம் கேமரா, பின்னால் ஏதோ இழுபடும். இழுபடுகிறது பவளப்பாறையை உடைக்கும், அல்லது பாறை அவர்களைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தமானியையும் இதே மாதிரி கயிறும் கொக்கியுமாக இடது இடுப்பு வளையத்தில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. பழைய தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்களைப் பாருங்கள், கால் வைக்க ஒரு கல், கயிறு, சிப்பிக்கு ஒரு வலைப்பை. அடியைத் தொட்டதும் கல்லையும் மேலே இழுத்துவிடுவார்கள். ஹோகார்த்துக்கு வெகு முந்தைய ஹோகார்த்தியர்கள்!

பயன்படுத்தும்போது ஒரு வரிசை உண்டு. டார்ச்சை ரப்பரிலிருந்து உருவி, முதலில் எரியவிட வேண்டும், பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். எரியாமல் கை நழுவினால் அது கடலுக்குச் சொந்தம். தோழன் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை செய்தான். இருபத்தோராவது தடவை நான் விளக்கை அணைத்துவிட்டுச் செய்யச் சொன்னேன். பக்கத்து அறைக்காரர் கரண்ட் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

உப்பும் வெயிலும் பட்டு டியூப் வெடித்துப்போகும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இழுத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் புதிதாக வெட்ட வேண்டும். பையில் உபரியாக நாலு வளையம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.