கூகையும் புள்ளி ஆந்தையும்

கிராமத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆந்தை' என்று ஒரே பெயர்தான். ஆனால், வயலைச் சுற்றி வரும் கூகையும் புள்ளி ஆந்தையும் பறவையியல் கணக்கில் வேறு வேறு குடும்பம்.

காவிரி டெல்டாவில் மூன்று ஏக்கர் சம்பா போட்டிருந்த ஒரு விவசாயியின் வீட்டில், இந்த வித்தியாசம் பெரிய பேச்சானது. பழைய வைக்கோல் கொட்டகையின் பரணில் ஒரு ஜோடி கூகை குடியேறியிருந்தது. ராத்திரியில் அவை போட்ட 'கிரீச்' சத்தத்தில் பாட்டிக்குத் தூக்கமே இல்லை. "சாவு சொல்ற பறவைடா அது. முதல்ல விரட்டு" என்று மகனிடம் தினமும் சொன்னார். அதே நேரம், பொதி கட்டிய பயிரை எலி வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது. "எலி கேக் வாங்கி வெச்சிடலாம்பா" என்றான் பேரன்.

விவசாயி முதலில் பரணுக்குக் கீழே போய்ப் பார்த்தார். கட்டை விரல் அளவில் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. கூகை இரையை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் இப்படி உருண்டையாகக் கக்கிவிடும். குச்சியால் பிரித்தார். எலி மண்டை ஓடு, தாடை, மஞ்சள் முன்பற்கள். அடுத்த உருண்டையிலும் அதேதான்.

வாய்க்கால் கரைப் புளியமரப் பொந்தில் புள்ளி ஆந்தைகள் இருந்தன. அதன் அடியில் கிடைத்த சின்ன உருண்டைகளில் பெரும்பாலும் வண்டு இறக்கைகளும் பூச்சிக் கால்களும்தான். நடுவே ஒன்றிரண்டு சுண்டெலி எலும்பு.

ஆளைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். கூகைக்கு இதய வடிவ வெள்ளை முகம், கறுப்புக் கண், நீண்ட கால். உயரம் ஓர் அடிக்குச் சற்று அதிகம். காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாததால், கும்மிருட்டிலும் எலி நடக்கும் சத்தத்தை வைத்தே இடம் பிடிக்கும். புள்ளி ஆந்தை மைனா அளவுதான். உருண்டைத் தலை, மஞ்சள் கண், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. பொழுது சாயும்போதே வெளியே வந்து கீச்சிடும். ஆள் கிட்டே போனால் தலையை மேலும் கீழும் ஆட்டி முறைக்கும்.

எலி கேக்கில் பெரும்பாலும் இருப்பது, ரத்தம் உறையவிடாமல் செய்யும் புரோமடியோலோன். தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தளர்ந்து திரியும். அந்த எலிதான் கூகைக்கு எளிதில் சிக்கும். விஷமும் கூடவே போகும். எலியைக் கொல்ல வைத்தது, எலி பிடிக்கும் பறவையையும் கொன்றுவிடும்.

பாட்டி அந்த மண்டை ஓடுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத்தனையா?" என்று மட்டும் கேட்டார். விரட்டும் பேச்சு அதோடு நின்றது. பேரன் கேக் வாங்கவில்லை. வயலில் ஆங்காங்கே டி வடிவத்தில் குச்சி நட்டு, வரப்பு வளைகளில் தஞ்சாவூர் கிட்டி வைத்தார்கள். எலி வெட்டு முற்றிலும் நிற்கவில்லை, குறைந்தது.

குச்சியை நடவு முடிந்ததுமே வைப்பது நல்லது. கதிர் பால் பிடித்த பிறகு பகலில் தானியம் தின்னும் குருவிகள் அதில் உட்காரத் தொடங்கினால், எடுத்துவிட வேண்டும். பொந்து உள்ள பழைய மரத்தை வெட்டுமுன், உள்ளே குடியிருப்பு உண்டா என்று ஒரு சாயங்காலம் நின்று கவனித்தால் போதும்.