மணிக்கு முப்பது மில்லி

மருத்துவ அலட்சியம் என்று வருகிறவர்களின் கோபம் பெரும்பாலும் கடைசியாகப் பணம் கட்டிய இடத்தின் மேல்தான் இருக்கும். அந்தக் கட்சிக்காரரும் அப்படித்தான் வந்தார். அவருடைய தந்தை தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. 2016 கோடையில் குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியுமாக ஊரிலிருந்த சிறிய நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். மறுநாள் மாலை, நினைவு தப்பிய நிலையில் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ். உயிர் பிழைத்தார். சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை.

"பில்லு மட்டும் பதினோரு லட்சம் சார். வந்த அன்னைக்கே டயாலிசிஸ் போட்டிருந்தா கிட்னி தப்பிச்சிருக்கும்னு எல்லாரும் சொல்லுதாங்க" என்றார் மகன். மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதமும் கையில் இருந்தது. அதில் மூன்று குற்றச்சாட்டுகள்: ரத்தக்குழாயைச் சுருக்கும் நார்அட்ரினலினை ஓயாமல் ஏற்றியது, சிறுநீரகத்துக்கு ஆகாத அமிகாசின் ஊசி போட்டது, டயாலிசிஸைத் தாமதித்தது. மூன்றும் பெரிய மருத்துவமனைக்கு எதிரானவை. நர்சிங் ஹோம் டாக்டரைப் பற்றிக் கேட்டேன். "அவரு எங்க குடும்ப டாக்டர் சார், தங்கமான மனுசன்."

கேஸ் ஷீட் இல்லாமல் நான் நோட்டீஸ் எழுதுவதில்லை. நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. பெரிய மருத்துவமனை கேட்டதும் கொடுத்துவிட்டது. தங்கமான மனிதரிடமிருந்து வாங்கத்தான் பதிவுத் தபாலும் நினைவூட்டலும் தேவைப்பட்டன.

இரண்டு கட்டையும் எனக்குத் தெரிந்த சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பெரிய மருத்துவமனையின் தடித்த கட்டைப் புரட்டி, ஸ்டார்ச் கலந்த திரவம் எதுவும் ஏற்றியிருக்கிறார்களா என்று முதலில் தேடினார். கடும் செப்சிஸ் நோயாளிகளுக்கு அதை ஏற்றினால் டயாலிசிஸ் தேவையும் மரணமும் கூடுகின்றன என்று ஸ்காண்டிநேவிய ஆய்வொன்று 2012இலேயே காட்டிவிட்டதாம். இல்லை என்றதும் அந்தக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு நர்சிங் ஹோமின் மெலிந்த கட்டை எடுத்தார். "வழக்கு இதுல இருக்கு வக்கீல் சார்."

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் வழக்கையே நடத்தினேன். செப்டிக் ஷாக்கில் கிருமித்தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அழுத்தம் விழுகிறது. தொட்டியில் மட்டம் இறங்கினால் மாடிக் குழாயில் முதலில் தண்ணீர் நிற்பதுபோல, சிறுநீரகம் சீக்கிரமே அடிபடும். அழுத்தக் குறைவு மட்டுமே காரணமல்ல, நுண்குழாய்களில் நடக்கும் அழற்சியும் சேர்ந்துதான் கெடுக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறித் தகவல் சொல்ல ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மூத்திரம் முந்திச் சொல்லிவிடும். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் குறைவாக ஆறு மணி நேரம் போனால் அது சிறுநீரகப் பாதிப்பு என்கிறது 2012ஆம் ஆண்டின் உலகளாவிய வழிகாட்டி. நம் நோயாளியின் எடை அறுபது கிலோ. ஆக, மணிக்கு முப்பது மில்லி.

நர்சிங் ஹோம் தாளில் இரவு பத்து மணிக்கு "40 மில்லி" என்றிருந்தது. அடுத்த பதிவு காலை ஏழுக்கு. நடுவில் ஒரு மணிக்கு ரத்த அழுத்தம் 80/50. அதன் கீழே வலிக்கு டைக்ளோஃபெனாக், மூத்திரம் போகவில்லை என்று லாசிக்ஸ், பிறகு "ரீனல் டோஸ் டோபமின்". விடியும்வரை ஏற்றிய திரவம் ஒரு லிட்டர். ஸ்கேன் எடுத்தது மறுநாள் நண்பகலில்; சிறுநீர்க்குழாயில் கல் அடைத்து, மேலே சிறுநீரகம் வீங்கியிருந்தது. அடைப்பை எடுக்காமல் உள்ளே தேங்கிய சீழை எந்த ஆன்டிபயாடிக்கும் தனியாக வெல்லாது என்றார் மருத்துவர்.

குடும்ப டாக்டர் மேல் வழக்கு என்பது மகனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு மருத்துவமனைகளையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தேன். ஒன்றை விட்டால் இன்னொன்று, வராதவர் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடும். அன்று அமலில் இருந்தது 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மாவட்ட மன்றத்தின் வரம்பு 20 லட்சம். அதற்குள் அடங்கக் கேட்டோம்.

நுகர்வோர் மன்றங்களில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் எழுத்துக் கேள்விகளாகவே முடிந்துவிடும். எங்கள் மன்றத் தலைவர் மருத்துவர்களை நேரில் வரச்சொன்னார். 2019இல் முதலில் பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் கூண்டேறினார். இளைஞர், தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

நார்அட்ரினலின் கேள்வி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. விரிந்து கிடக்கும் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை மீட்டால்தான் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும், செப்டிக் ஷாக்கில் அதுதான் முதல் மருந்து என்றார். நான் வேறு பக்கம் போனேன்.

"நோயாளிக்கு ஏற்கெனவே ரத்த அழுத்த நோய் உண்டு. சராசரி அழுத்தத்தை 65இல் வைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். 80க்கு மேல் வைத்திருந்தால் இப்படிப்பட்டவர்களுக்கு டயாலிசிஸ் தேவை குறைகிறது என்று 2014இல் பிரான்சில் 776 பேரிடம் நடந்த ஆய்வு சொல்கிறதே?"

"சொல்கிறது. அதே ஆய்வில் அழுத்தத்தை ஏற்றியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாவது கூடியது, மரணமும் குறையவில்லை. இவருக்கு முதல் இரவே துடிப்பு அப்படி ஆனது. பதினேழாம் பக்கத்தில் ஈ.சி.ஜி. இருக்கிறது."

இருந்தது. உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது; ஆனால் டயாலிசிஸ் பாக்கி. தாமதித்தால் கெடுதல் இல்லை என்பதற்கு அவர் 2018இல் செப்டிக் ஷாக் நோயாளிகளிடமே நடந்த பிரெஞ்சு ஆய்வைக் காட்டினார். காத்திருந்த பிரிவில் சுமார் 38 சதவீதம் பேருக்கு டயாலிசிஸே செய்யவில்லை. மரண விகிதத்திலும் பெரிய வேறுபாடில்லை. நான் ஆட்சேபித்தேன். சிகிச்சை நடந்த நாளில் இருந்த அறிவை வைத்துத்தான் மருத்துவரை எடைபோட வேண்டும் என்பது ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018ஆம் ஆண்டு ஆய்வு 2016ஆம் ஆண்டுச் சிகிச்சைக்கு எப்படிக் கவசமாகும்? அவர் அசரவில்லை. 2016இல் ஒரே காலத்தில் வந்த இரண்டு ஆய்வுகளில் ஜெர்மனியில் நடந்தது சீக்கிரம் தொடங்கு என்றது, பிரான்சில் நடந்தது காத்திருக்கலாம் என்றது. அன்று மருத்துவ உலகமே இரண்டு பட்டு நின்றது என்றார். இரண்டு ஏற்கத்தக்க கருத்துகளில் ஒன்றைப் பின்பற்றிய மருத்துவர் அலட்சியக்காரர் ஆகமாட்டார். அதுவும் ஜேக்கப் மேத்யூதான். என் ஆட்சேபணை அவருக்கே உதவிவிட்டது.

அமிகாசினுக்கு எதிர்த்தரப்பு வக்கீல் 2009ஆம் ஆண்டு மார்ட்டின் டிசூசா தீர்ப்பைப் படித்தார். அதுவும் சிறுநீரக நோயாளிக்கு அமிகாசின் போட்ட மும்பை வழக்குதான்; செவித்திறன் போனதென்று தேசிய ஆணையம் கொடுத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உயிர் போகிற தொற்றில் ஆபத்தான மருந்தைக்கூட எடைபோட்டுத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் நோயாளிக்குப் போட்டது ஒரே ஊசி. நான் அதை வற்புறுத்தவில்லை.

அடுத்த வாய்தாவில் நர்சிங் ஹோம் மருத்துவர். அறுபதைத் தாண்டியவர். மகனைப் பார்த்ததும் "நல்லாயிருக்கியாப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் கூண்டில் ஏறினார்.

"டோபமினை எதற்காகக் கொடுத்தீர்கள் டாக்டர்?"

"கிட்னியைக் காப்பாத்த."

"குறைந்த அளவு டோபமின் சிறுநீரகத்தைக் காப்பதில்லை என்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்கள் 328 பேரிடம் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது தெரியுமா?"

"நாங்க படிச்ச காலத்துல அதுதான் கொடுப்போம்."

"லாசிக்ஸ்?"

"யூரின் வரணுமே."

சிறுநீரை வரவழைப்பது வேறு, சிறுநீரகத்தைக் காப்பது வேறு. அழுத்தம் விழுந்து கிடக்கிற, திரவம் போதாத உடம்பில் லாசிக்ஸ் இருக்கிற நீரையும் வடித்துவிடும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். வலிநிவாரண ஊசி என்றால் நம் ஊரில் யாருக்கும் பயமில்லை. கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அமிகாசினைக் குற்றம் சொன்ன அந்த மருந்துக்கடை உறவினரின் கண்ணிலேயே இது படவில்லை.

"இரவு பத்துக்கு 40 மில்லி. காலை ஏழுவரை எழுதவே இல்லை. வரவில்லையா, அளக்கவில்லையா?"

"நைட்ல ஒரு சிஸ்டர்தான். பன்னிரண்டு பேஷண்ட். அளந்திருக்க மாட்டாங்க."

பொய் சொல்லியிருக்கலாம். கேஸ் ஷீட்டை எங்களிடம் கொடுக்கும் முன்பே அந்தக் கட்டங்களை நிரப்பியும் இருக்கலாம். அப்படி ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் செய்யவில்லை. அந்த வகையில் மகன் சொன்னது சரிதான்.

அவருடைய வக்கீலின் கடைசி வாதம் பலமானது: எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தாலும் சிறுநீரகம் போயிருக்கலாம் அல்லவா? எங்கள் சாட்சியான சிறுநீரக மருத்துவரே ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். பல ஷாக் நோயாளிகளுக்கு எல்லாம் செய்தும் போகிறது. நிபுணர் உறுதியாகச் சொல்லாதபோது இழப்பீடு எப்படி என்று கேட்டார் வக்கீல். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்ற 2010ஆம் ஆண்டு கிஷன் ராவ் தீர்ப்பைக் கொடுத்தேன். இரவு முழுக்க ஒரு நோயாளியின் மூத்திரத்தை யாரும் அளக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள மருத்துவப் பட்டம் வேண்டாம் என்றேன். ரத்த அழுத்தம் 80க்கு இறங்கிய ஒரு மணிக்கே ஆம்புலன்ஸ் அழைத்திருந்தால், அடைப்பை நீக்கும் சிகிச்சை அரை நாளுக்கு மேல் முன்னதாகக் கிடைத்திருக்கும்.

பெரிய மருத்துவமனை மீதான புகார் தள்ளுபடியானது. நர்சிங் ஹோமின் குறைபாடாக மன்றம் எழுதியது மூன்றை: சிறுநீர் அளவைக் கண்காணிக்காதது, அழுத்தம் விழுந்த நோயாளிக்கு டைக்ளோஃபெனாக் போட்டது, மேல்சிகிச்சைக்கு அனுப்பத் தாமதித்தது. டோபமின் பயனற்றது, ஆனால் அதனால் கெட்டது என்று சொல்லச் சான்றில்லை என்று விட்டுவிட்டது, நியாயமான தீர்ப்புதான். நோயின் கடுமையையும் கணக்கில் எடுத்து, நாங்கள் கேட்டதில் பாதிக்கும் குறைவாகவே இழப்பீடு கொடுத்தது. மேல்முறையீட்டில் மாநில ஆணையம் அதை உறுதி செய்தது. வட்டியோடு பணம் வந்து சேர்ந்தபோது கடையை மகன் பார்த்துக்கொண்டிருந்தார்; தந்தைக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.